சுண்டெலியின் மண்ணீரலில் எது எந்தச் செல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நோயெதிர்ப்பியல் குறித்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, ஆய்வக விலங்குகளிலிருந்து நோயெதிர்ப்புச் செல்களை எடுப்பதையும் அடையாளம் காண்பதையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் சுண்டெலி என்பது 25 கிராம் அளவிலான சிறிய ஆய்வக விலங்கையும், எலி என்பது அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு எடையுள்ள ஆய்வக எலியையும் குறிக்கும்.

கேள்வி: நுண்ணோக்கியில் டி செல்லும் பி செல்லும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அப்படியிருக்க இது டி, இது பி என்று முதலில் எப்படிக் கண்டறிந்தார்கள்? இன்று எப்படிச் சொல்கிறார்கள்?
(விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவை அதன் உட்கருவின் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓய்வுநிலையில் இருக்கும் டி செல்லையும் பி செல்லையும் அப்படிச் சொல்ல முடியாது. சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் இரண்டும் ஒரே சிறிய வட்டங்கள்தான். அவை வேறு வேறு என்பது முதலில் தெரிந்தது செல்லைப் பார்த்தல்ல, அந்தச் செல் இல்லாத விலங்குக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்துத்தான். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினார். அவற்றின் உடலில் லிம்ஃபோசைட்டுகள் (டி, பி செல்கள் அடங்கும் வெள்ளையணு வகை) வெகுவாகக் குறைந்தன. அயல் சுண்டெலியின் தோலை ஒட்டினாலும் அவற்றால் அதை நிராகரிக்க முடியவில்லை. 1968இல் மெல்பர்னில் அவரும் கிரஹாம் மிட்செலும், அயல்பொருளோடு ஒட்டும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரப்பவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் (இன்றைய பி செல்கள்) என்றும், தைமஸிலிருந்து வந்தவை (இன்றைய டி செல்கள்) அவற்றுக்குத் துணைசெய்கின்றன என்றும் காட்டினார்கள்.

செல்லின் மேற்பரப்பில் ஒரு சின்னத்தைத் தேடும் முயற்சியும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. 1964இல் ரீஃப், ஆலன் ஆகிய இருவர் ஏகேஆர், சி3எச் என்ற இரு இனவழிச் (உறவுக்குள்ளேயே பெருக்கி மரபமைப்பை ஒன்றாக்கிய) சுண்டெலிகளுக்கு இடையே தைமஸ் செல்களை மாற்றிச் செலுத்தி, தைமஸ் செல்களோடு ஒட்டும் எதிர்ப்பொருளைப் பெற்றார்கள். அது கண்டறிந்த புரதத்தைத்தான் இன்று தை-1 என்கிறோம். 1975இல் கேன்டரும் பாய்ஸும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். லை-1 என்ற புரதத்துக்கு எதிரான சீரத்தையும் எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லைத் துளைத்து அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் சேர்த்துச் செல்களை அழித்தால் துணைசெய்யும் திறன் போயிற்று. லை-2, லை-3 ஆகியவற்றுக்கு எதிரான சீரத்தால் அழித்தால் கொல்லும் திறன் போயிற்று. டி செல்களுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு என்பது இப்படி உறுதியாயிற்று. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைக்கும் ஹைபிரிடோமா முறையை வெளியிட்டார்கள். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்குப் பெற முடிந்த பிறகு, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சீரம் மாறிக்கொண்டிருந்த நிலை முடிவுக்கு வந்தது.

அந்த எதிர்ப்பொருள்களோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் கதிரின் முன்னால் ஓடவிட்டு, ஒளியை அளந்து பிரிக்கும் கருவி ஸ்டான்ஃபோர்டில் லெனர்ட் ஹெர்சன்பெர்க் குழுவின் உழைப்பில் 1969க்கும் 1972க்கும் இடையே உருவாயிற்று. லாஸ் அலமாஸில் மேக் ஃபுல்வைலர் 1965இல் செல்களைப் பருமனை வைத்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தார். மைத்துளிகளை மின்னூட்டத்தால் திசைதிருப்பும் அச்சுத் தொழில்நுட்பத்தை அவர் அதில் பயன்படுத்தியிருந்தார். ஹெர்சன்பெர்க்கின் கருவி அந்த அடிப்படையில் வளர்ந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. டி செல்லின் சின்னம் என்று நம்பப்பட்ட அதே லை-1, இன்றைய பெயரில் சிடி5 (சிடி என்பது வெள்ளையணுக்களின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எண்ணிட்டு வழங்கும் பெயர்), சுண்டெலியின் ஒரு சிறுபகுதி பி செல்களிலும் இருப்பதை ஹெர்சன்பெர்க்கின் ஆய்வகமே 1983இல் வெளியிட்டது. வயிற்றறையில் மிகுதியாகக் காணப்படும் பி-1 செல்கள் என்று இன்று நாம் அழைப்பவற்றுள் அவை அடங்கும். ஆகவே எந்தச் செல்லையும் ஒரே ஒரு சின்னத்தால் தீர்மானிக்காதீர்கள். சுண்டெலியின் மண்ணீரலில் சிடி45 இருந்து, சிடி3 இருந்து, சிடி19 இல்லாமலும் இருந்தால் டி செல்; சிடி19, பி220 இரண்டும் இருந்து சிடி3 இல்லாமல் இருந்தால் பி செல். எது இருக்கிறது என்பதற்கு இணையாக எது இல்லை என்பதும் இங்கே சான்றாகும்.

கேள்வி: முதன்முறையாக மண்ணீரலிலிருந்து செல்களைப் பிரிக்கப் போகிறேன். எங்கே கவனம் தேவை?
(முனைவர் பட்ட ஆய்வாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் கருவி) தெரியும் குறைகளில் பெரும்பகுதி அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் உண்டானவை. எனவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வளர்ந்த ஆரோக்கியமான சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து, சிவப்பணுக்களை நீக்கிய பின், ஏறத்தாழ 8 முதல் 10 கோடி வெள்ளையணுக்கள் கிடைக்கும். உங்கள் எண்ணிக்கை 2 கோடி என்று வந்தால், இழப்பு எங்கே என்று தேடிவிட்டு மேலே செல்லுங்கள். உறுப்பை எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்த குளிர்ந்த கரைசலில் இடவேண்டும். 70 மைக்ரோமீட்டர் கண்ணளவுள்ள வலைவடிகட்டியின் மேல் வைத்து, ஊசிக்குழலின் உந்துதண்டின் அடிப்பகுதியால் மெல்ல அழுத்தி, கரைசலை ஊற்றிக் கழுவினால் செல்கள் கீழே இறங்கிவிடும். தேய்க்கும் வேகத்தில்தான் பலரும் செல்களைக் கொல்கிறார்கள். இறந்த செல்களிலிருந்து வெளிப்படும் டிஎன்ஏ பசைபோல இழுபட்டு உயிருள்ள செல்களையும் சேர்த்துக் கட்டியாக்கும். அப்படி நேர்ந்தால் சிறிதளவு டிஎன்ஏஸ் நொதி உதவும்.

அடுத்தது சிவப்பணு நீக்கம். அமோனியம் குளோரைடு அடங்கிய கரைசல் சிவப்பணுக்களை வீங்கவைத்து வெடிக்கச் செய்கிறது. வெள்ளையணுக்கள் சிறிது நேரம் தாங்கும், நீண்ட நேரம் தாங்கா. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மிகுதியான கரைசலை ஊற்றி நிறுத்திவிடுங்கள். படிவு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தால் கழுவிவிட்டு இன்னொரு முறை குறுகிய நேரம் செய்வது, ஒரே முறையில் பத்து நிமிடம் விட்டுவிடுவதைவிட நல்லது.

சாயமேற்றும் முன் சிடி16, சிடி32 ஆகியவற்றைத் தடுக்கும் 2.4ஜி2 எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். பி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) நியூட்ரோஃபில்களும் எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் ஏற்பிகளைக் கொண்டவை. தடுக்காவிட்டால், நீங்கள் எந்தப் புரதத்தைத் தேடினாலும் அந்தச் செல்கள் 'இருக்கிறது' என்றே காட்டும். இறந்த செல்களும் அப்படித்தான்: அவை எல்லாச் சாயத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆகையால் இறந்த செல்லைக் காட்டும் சாயம் விருப்பத் தேர்வன்று, கட்டாயம். அதோடு, ஒட்டிக்கொண்ட இரு செல்களைத் தனித்த செல்லாக எண்ணிவிடாமல் இருக்க, முன்சிதறல் ஒளியின் பரப்பையும் உயரத்தையும் ஒப்பிட்டு இரட்டைகளை நீக்குங்கள். ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால் கருவி அதை சிடி3, சிடி19 இரண்டும் கொண்ட 'புதிய' செல்லாகக் காட்டும். அத்தகைய புதுமைகளை நம்பி எழுதும் முன் இந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

கட்டுப்பாட்டு மாதிரிகளில் மிகவும் பயன்படுவது, எல்லாச் சாயங்களையும் சேர்த்து ஒன்றை மட்டும் விட்ட மாதிரி. பல சாயங்கள் ஒன்றின் அலைவரிசையில் மற்றொன்று கசியும்போது, எந்த எல்லைக்கு மேல் செல்லை நேர்மறை என்று கொள்ளலாம் என்பதை அதுதான் காட்டும். சாயமே இடாத மாதிரி அதைக் காட்டாது.

கேள்வி: எங்கள் துறையில் எலிகள்தான் உள்ளன. சுண்டெலிக்கான எதிர்ப்பொருள்களையே பயன்படுத்தலாமா? சுண்டெலிகளுக்குள்ளும் இனவழி மாறினால் வேறுபாடு வருமா?
(மருந்தியல் ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: பொதுவாகப் பயன்படுத்த முடியாது, இந்த விடையோடு நிறுத்தினால் அதைவிடப் பெரிய தவறுக்கு இடமாகும். எதிர்ப்பொருளை மாற்றினால் மட்டும் போதாது, சின்னத்தின் பொருளே இரு விலங்குகளிலும் மாறுகிறது.

சிடி4 கதை இதற்கு நல்ல சான்று. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆலன் வில்லியம்ஸ், கல்ஃப்ரே, மில்ஸ்டைன் ஆகியோருடன் 1977இல் வெளியிட்ட டபிள்யூ3/25 என்ற எதிர்ப்பொருள் எலிச் செல்களுக்கு எதிரானது. அது கண்ட புரதமே பின்னர் சிடி4 என்று அறியப்பட்டது. ஓஎக்ஸ் என்ற எழுத்துகளோடு தொடங்கும் எலி எதிர்ப்பொருள்கள் பலவும் அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்திலிருந்து வந்தவை. ஆகவே எலி இந்தத் துறையில் பின்தங்கிய விலங்கன்று, முன்னோடி. ஆனால் எலியின் மேக்ரோஃபேஜ்களிலும் சிடி4 உண்டு. சுண்டெலிப் பழக்கத்தில், சிடி4 உள்ளதெல்லாம் துணை டி செல் என்று எலியில் கொண்டால் மேக்ரோஃபேஜ்களையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள். எலியின் இயற்கைக் கொல்லி செல்களில் சிடி8 ஆல்ஃபா சங்கிலியும் காணப்படுகிறது; எனவே சிடி8ஐ மட்டும் பார்த்துக் கொல்லும் டி செல் என்று சொல்லக்கூடாது. தை-1 சுண்டெலியின் எல்லா டி செல்களிலும் உண்டு. எலியிலோ தைமஸ் செல்களிலும், தைமஸை விட்டு அண்மையில் வெளியேறிய டி செல்களிலும் இருந்து, முதிர்ந்த டி செல்களில் மறைந்துவிடுகிறது. எலியில் டி செல்லுக்கு சிடி3 அல்லது டி செல் ஏற்பியையே முதல் அடையாளமாகக் கொண்டு, பிறகு சிடி4, சிடி8 என்று பிரிப்பதே பாதுகாப்பானது. முந்தைய பதிலில் சொன்ன 2.4ஜி2 சுண்டெலிக்கு உரியது. எலிக்கென்று தனித் தடுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இனவழி வேறுபாட்டுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு என்கே1.1. சி57பிஎல்/6 சுண்டெலியில் இயற்கைக் கொல்லி செல்லைக் காட்டும் பிகே136 எதிர்ப்பொருள், பால்ப்/சி சுண்டெலியில் ஒட்டவே ஒட்டாது. அந்தச் செல் இல்லாததால் அல்ல. அந்த இனவழியின் புரத வடிவத்தை அது அறியாததால்தான். பால்ப்/சியில் சிடி3 இல்லாத, சிடி49பி உள்ள செல்களைப் பாருங்கள். இரு இனவழிகளிலும் ஒன்றாகச் செயல்படுவது வேண்டுமென்றால் என்கேபி46 இருக்கிறது.

இனவழி வேறுபாடு இடையூறு மட்டும் அன்று. வெள்ளையணுக்கள் அனைத்திலும் உள்ள சிடி45, சில இனவழிகளில் சிடி45.1 ஆகவும் சி57பிஎல்/6 போன்றவற்றில் சிடி45.2 ஆகவும் இருக்கிறது. மற்றெல்லா வகையிலும் ஏறத்தாழ ஒத்த இரு சுண்டெலிகளில் ஒன்றின் செல்லை மற்றொன்றுக்குச் செலுத்தினால், வாரங்கள் கழித்தும் எது வந்த செல், எது வீட்டுச் செல் என்று இதைக் கொண்டு பிரித்துச் சொல்லலாம்.

கேள்வி: காந்த முறையில் பிரிப்பது நல்லதா, சார்ட்டரில் பிரிப்பது நல்லதா?
(ஆய்வக உதவியாளர், வேலூர்)

பதில்: எத்தனை செல் வேண்டும், எவ்வளவு தூய்மையாக வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். மண்ணீரலில் 10 கோடி செல்கள். சார்ட்டர், அதாவது செல்களின் ஒளியை அளந்து பிரிக்கும் கருவி, நொடிக்கு 10,000 செல்களைப் பார்க்கிறது. அப்படியானால் முழு மாதிரியும் முடிய 10,000 நொடிகள், அதாவது 2 மணி 46 நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் குழாயில் காத்திருக்கும் செல்கள் அதற்குள் தளர்ந்துவிடும். எதிர்ப்பொருளில் நுண்ணிய காந்தத் துகள்களை இணைத்து, வேண்டாத செல்களைக் காந்தத்தில் நிறுத்திவிட்டு, மீதமுள்ள 2 கோடியை மட்டும் சார்ட்டருக்கு அனுப்பினால் அதே வேலை அரை மணியளவில் முடியும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதே பெரும்பாலும் சரியான விடை.

வேண்டிய செல்லைப் பிடிப்பதா, வேண்டாதவற்றை நீக்குவதா என்பதிலும் கவனம் தேவை. டி செல்லை சிடி3 வழியாகப் பிடித்தால் அந்தப் பிடியே அதைத் தூண்டிவிடக்கூடும். செல்லின் இயல்பான செயலை அளக்க விரும்புவோர் வேண்டாதவற்றை நீக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

பிரித்தெடுத்தல் எவ்வளவு பெரிய உண்மையை வெளிக்கொணரக்கூடும் என்பதற்கு ஷிமோன் சகாகுச்சி 1995இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். பால்ப்/சி சுண்டெலிகளின் சிடி4 செல்களிலிருந்து சிடி25 உள்ளவற்றை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். அவற்றின் உடலே தன் உறுப்புகளைத் தாக்கும் நோய்கள் தோன்றின. நீக்கியது சிடி4 செல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான். அந்தச் சிறுபகுதியே ஒழுங்குபடுத்தும் டி செல். அதன் மையப் புரதமான ஃபாக்ஸ்பி3இன் மரபணுவை ஸ்கர்ஃபி என்ற நோயுற்ற சுண்டெலி இனவழியின் வழியாகக் கண்டறிந்த மேரி புரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருடன் சகாகுச்சிக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 உட்கருவுக்குள் இருப்பதால் அதைச் சாயமிட்டுப் பார்க்கச் செல்லை நிலைப்படுத்தித் துளையிட வேண்டும். அப்போது அது உயிரோடு இராது. உயிருள்ளதாகப் பிரிக்க சிடி4, சிடி25 ஆகியவற்றை நாடலாம், ஆனால் தூண்டப்பட்ட சாதாரண டி செல்லிலும் சிடி25 ஏறும். ஃபாக்ஸ்பி3 இயங்கும் செல்கள் பச்சை நிறத்தில் ஒளிரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் உருவானது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

கேள்வி: மனித இரத்தத்துக்கு வைத்திருக்கும் ஃபைகால் கரைசலையே சுண்டெலிக்கும் பயன்படுத்தலாமா?
(மருத்துவ ஆய்வக நுட்பவியல் மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: ஃபைகால் என்பது செல்களை அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் கரைசல். மனித லிம்ஃபோசைட்டுகளுக்கான கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம். சுண்டெலிக்கும் எலிக்கும் 1.084 அளவில் சற்று அடர்ந்த கரைசலைப் பயன்படுத்துவதே வழக்கம். மனிதக் கரைசலில் ஒரு பகுதி லிம்ஃபோசைட்டுகள் கீழே இறங்கிப்போகும். மண்ணீரலுக்கு இந்த முறையே தேவையில்லை, சிவப்பணு நீக்கம் போதும்.

கேள்வி: நுரையீரலிலும் மூளையிலும் உள்ள மேக்ரோஃபேஜ்களைப் பிரிக்கும்போது முடிவுகள் குழப்பமாக வருகின்றன. எஃப்4/80 ஒன்று போதாதா?
(உயிர்மருத்துவ ஆய்வாளர், பெங்களூரு)

பதில்: போதாது. எஃப்4/80 எதிர்ப்பொருளை ஆஸ்டினும் சயமன் கார்டனும் 1981இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார்கள். சுண்டெலி மேக்ரோஃபேஜை அறிய அது பேருதவியாக இருந்துவருகிறது. ஆயினும் ஈயோசினோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களிலும் அது காணப்படுகிறது. உறுப்புக்கு உறுப்பு மேக்ரோஃபேஜின் தோற்றமும் மாறுகிறது. நுரையீரலின் காற்றறைகளில் வாழும் மேக்ரோஃபேஜில் சிடி11பி குறைவு, சிடி11சி மிகுதி. சிடி11சி என்றால் டென்ட்ரிட்டிக் செல் என்று மனப்பாடமாகக் கொண்டவர்கள் இங்கே வழிதவறுகிறார்கள். சிக்லெக்-எஃப் சேர்த்துப் பாருங்கள்: சிக்லெக்-எஃப், சிடி11சி இரண்டும் மிகுந்திருந்தால் காற்றறை மேக்ரோஃபேஜ், சிக்லெக்-எஃப் இருந்து சிடி11சி இல்லாமல் சிடி11பி இருந்தால் ஈயோசினோஃபில். காற்றறை மேக்ரோஃபேஜ்கள் சாயமின்றியே ஒளிரும் தன்மையுள்ளவை என்பதால், சாயமிடாத நுரையீரல் மாதிரியை அதே நாளில் தனியே ஓட்டுவதும் அவசியம்.

நுரையீரலில் இன்னொரு பெரிய சிக்கல், நீங்கள் எண்ணும் செல் திசுவுக்குள் இருந்ததா, இரத்தக் குழாயில் இருந்ததா என்பது. இதயத்தின் வழியே உப்புக்கரைசலைச் செலுத்திக் கழுவினாலும் நுண்குழாய்களில் செல்கள் தங்கிவிடுகின்றன. இதற்கு ஓர் அருமையான தீர்வு உண்டு: விலங்கைக் கொல்வதற்கு மூன்று நிமிடங்களுக்கு முன், ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருளை, சிடி45க்கு எதிரானதை வைத்துக்கொள்வோம், வால் சிரையில் செலுத்துகிறார்கள். அந்தக் குறுகிய நேரத்தில் அது இரத்தத்தில் உள்ள செல்களை மட்டுமே எட்டும். திசுவுக்குள் இருப்பவை சாயமின்றி இருக்கும். நுரையீரல் டி செல்கள் என்று எண்ணியவற்றில் பெரும்பகுதி உண்மையில் குழாய்க்குள் இருந்தவை என்பது இந்த முறையால் தெரியவந்தது. உங்கள் ஆய்வு திசுவில் தங்கும் செல்களைப் பற்றியதென்றால், இதைச் செய்யாமல் எழுதவேண்டாம் என்பதே என் கருத்து.

மூளைக்கே உரிய மேக்ரோஃபேஜ் வகையான மைக்ரோகிளியாவை சிடி11பி உள்ள, சிடி45 குறைந்த செல் என்றும், வெளியிலிருந்து வந்த மேக்ரோஃபேஜை சிடி45 மிகுந்த செல் என்றும் பிரிப்பது வழக்கம். அழற்சி வந்தால் மைக்ரோகிளியாவின் சிடி45 உயரும், எல்லை மங்கும். அப்போது பி2ஆர்ஒய்12, டிமெம்119 போன்ற சின்னங்களையும் சேர்க்க வேண்டும், அவையும் அழற்சியில் குறையலாம் என்பதை மறக்காமல். மையலின் கொழுப்பை நீக்கப் பெர்கால் கரைசல் உதவும். 37 பாகையில் நொதியால் செரிக்கவைக்கும்போது மைக்ரோகிளியா தூண்டப்பட்டு அதன் மரபணு இயக்கமே மாறுகிறது. ஆகவே மரபணு இயக்கத்தைப் படிப்பவர்கள் குளிர்நிலையில் கையால் நசுக்கிப் பிரிப்பதே மேல். மற்ற உறுப்புகளிலும் நொதியைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும்: டிஸ்பேஸ் போன்றவை சிடி4, சிடி8 ஆகியவற்றை வெட்டிவிடக்கூடும். செல் இருக்கும், சின்னம் இராது. இதைச் சோதிக்க எளிய வழி, மண்ணீரல் செல்களில் ஒரு பகுதியை அதே நொதியில் அதே நேரம் வைத்து, நொதியில்லாத பகுதியோடு ஒப்பிடுவதே.

கேள்வி: இதற்காக எத்தனை விலங்குகளைக் கொல்வது நியாயம்? அவற்றில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?
(பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மையக் குழுவில் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு எண்ணிக்கைக்கான காரணத்தைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஆய்வு தொடங்கலாம். ரஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு என்ற மூன்று கோட்பாடுகள் அந்த ஆய்வுக்கு அடிப்படை. நடைமுறையில் நான் வலியுறுத்துவது ஒன்று: ஒரு சுண்டெலியைக் கொல்லும் நாளை முன்கூட்டியே துறையில் அறிவியுங்கள். ஒருவருக்கு மண்ணீரல் வேண்டும். இன்னொருவருக்குத் தொடையெலும்பின் மஜ்ஜை போதும், அதை எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியோடு ஏழு நாள்கள் வளர்த்து மேக்ரோஃபேஜ்களைப் பெறலாம். மூன்றாமவர் வயிற்றறைச் செல்களைக் கழுவி எடுக்கலாம்.

பொருந்துமா என்பதற்கு அளவோடுதான் ஆம் என்பேன். மனித இரத்தத்தின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். சுண்டெலியிலோ லிம்ஃபோசைட்டுகளே பெரும்பான்மை. நுண்கிருமி கட்டுப்படுத்திய கூண்டில் வளர்ந்த சுண்டெலிக்கு முன்னனுபவமுள்ள டி செல்கள் மிகக் குறைவு. 2016இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆய்வகச் சுண்டெலியின் நோயெதிர்ப்பு அமைப்பு பச்சிளங்குழந்தையினுடையதை ஒத்திருப்பதையும், வளர்ப்புப் பிராணிக் கடைச் சுண்டெலிகளோடு ஒரே கூண்டில் வாழ்ந்த பின் அது வளர்ந்த மனிதருடையதை நெருங்குவதையும் காட்டியது. ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது எந்த விலங்கினம், எந்த இனவழி, எந்த வயது, எந்தப் பாலினம், எந்தக் கூண்டுச் சூழல், எந்த எதிர்ப்பொருள் குளோன் என்பவை சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். செல்களைத் தேர்ந்த வரிசையை வரைபடங்களாகக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இவை இல்லாத கட்டுரையின் முடிவை வகுப்பறையில் உறுதியான செய்தியாகச் சொல்ல வேண்டாம்.